ராஜா மேல் சாப்பாட்டுப் பை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கவும். இல்லை, மன்னிக்கவும் வேண்டாம்.

போன வருஷம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நீ அளந்ததை நான் மறக்கவில்லை. இந்த நகரத்துப் பழைய தேவாலயத்துக்குள் ஒரு ராஜா சிலை இருக்கிறது, கையில் வாளோடு நிற்கிறார், நம்மையே முறைக்கிறார், இருபது வருஷமாக இங்கேயே தையல் கடை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காத உங்களுக்குக் கண் எதற்கு அத்தான் என்று கேட்டாய். அன்று பிடித்து உன் அக்கா என் உயிரை வாங்குகிறாள். "என் தம்பி ஊர்விட்டு ஊர் வந்து பார்த்துட்டுப் போயிட்டான், நமக்கென்ன கேடு?" பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அறுபது சீருடை காலர் இல்லாமல் கிடக்க, கடையைப் பூட்டிவிட்டு உன் அக்காவோடு கிளம்பினேன்.

கண்டக்டரிடம் தேவாலயம் என்றேன். இறக்கிவிட்டார். வெளியே கொளுத்துற வெயில், உள்ளே போனா ஒண்ணும் தெரியல, கும்மிருட்டு. உன் அக்காவுக்கு முழங்கால் வலி. கைக்குத் தட்டுப்பட்ட ஒரு பளிங்கு மேடையில உக்காந்துட்டா. நானும் சாப்பாட்டுப் பையை அது மேலயே வெச்சுட்டு, ஒவ்வொரு தூணாச் சுத்திச் சுத்தி ராஜாவைத் தேடுறேன், அரை மணி நேரம். கடைசியில காவலாளிகிட்ட கேட்டேன்.

"ராஜா எங்கங்க நிக்கிறாரு?"

"நிக்கிறாரா? அவர் நானூறு வருஷமாப் படுத்திருக்காரு. ஐயய்யோ! அந்தம்மா எது மேல உக்காந்திருக்காங்க!"

திரும்பிப் பார்த்தா, மச்சான், கல்லறை மேல படுத்திருக்கிற பளிங்கு ராஜாவோட முழங்கால்ல உன் அக்கா உக்காந்து விசிறிக்கிட்டிருக்கா. நெஞ்சு மேல நம்ம பை. தண்ணி பாட்டில் சரியா மூடல, அவர் தாடியில சொட்டுது. பதறிப்போய் ஓடி என் கைக்குட்டையால துடைச்சேன். "தொடாதீங்க!"ன்னு காவலாளி போட்ட சத்தத்துல மொத்தக் கூட்டமும் எங்களைத்தான் பார்க்குது. உன் அக்கா எழுந்து, மன்னிப்புக் கேப்பான்னு பார்த்தா, "இது என் தம்பி சொன்ன ராஜா இல்ல, நிக்கிற ராஜாவைக் காட்டுங்க"ங்கறா!

"இங்க ஒரே ராஜாதாம்மா."

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான்."

சொல்லிட்டு, பீடத்துக்குப் பின்னால திரையைத் தூக்கிப் பார்க்கிறா. அவ்வளவுதான், ரெண்டு பேரையும் அலுவலக அறைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. 'நானும் என் மனைவியும் மன்னரின் மேல் தெரியாமல் அமர்ந்ததற்கும் பை வைத்ததற்கும் வருந்துகிறோம்' என்று இந்த வயசுல என் கையால எழுதிக் கொடுத்தேன்டா!

நீ அங்க போகவே இல்ல, அதானே? வீட்டுக்கு வர்ற பஸ்ஸுல இதைச் சொன்னேன். உன் அக்கா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா. நாலு நாளாப் பேச்சில்லை. தட்டை வைக்கிற சத்தத்துலதான் சாப்பாடு ரெடின்னு தெரியுது. முப்பது வருஷத்துல இவ்வளவு நாள் அவ பேசாம இருந்ததில்ல. வீடு வீடா இல்லடா. 'நான் போகவில்லை, அக்கா' என்று ஒரே ஒரு வரி எழுது. மானம் மரியாதை இருந்தால் உடனே எழுது.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் மனைவிக்கு என் அனுதாபம். உனக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போன இடத்தில், ஆத்திரம் தாங்காமல் தபால்தலை கொடுக்கிற அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க போனது ஆத்தங்கரைப் பெரிய தேவாலயம். பழைய தேவாலயம் மணிக்கூண்டுக்குப் பின்னாடி இருக்கு. ராஜா அங்கதான் நிக்கிறாரு"ன்னாங்க. நேரா வீட்டுக்குப் போய் உன் அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். நிக்கிறாரு. உன் அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தா, என்னைப் பத்து நிமிஷம் பார்த்தா. இப்ப பேசுறா. நிறுத்தாமப் பேசுறா. இந்தக் கடிதத்தைக் கிழிச்சிருக்கலாம், ஆனா தபால்தலை ஒட்டியாச்சு. பத்திரமா வெச்சுக்கோ. உன்னைத் தெரிஞ்ச வரைக்கும், இதுல இருக்கிற திட்டு சீக்கிரமே எதுக்காவது பொருந்தும்.