கேசரிக்கு நான்கு கேள்விகள்

பெண் பார்க்க வந்திருக்கும்போது உண்மை பேசுவது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு விரதம் என்று சொல்வதைப் போன்றது. தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பரிமாறுகிறவர் முதல் பக்கத்து இலைக்காரர் வரை எல்லோருக்கும் சங்கடம். இந்த ஞானம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடம் பொருள் பார்க்காமல் நடத்திக் காட்டியதால் வந்தது.

அப்போது நான் ஆவூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வீடு வல்லத்திராக்கோட்டை. காலையில் புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். (நின்றுகொண்டே தூங்கும் கலையில் நான் தேறியது இந்த வழித்தடத்தில்தான்.) பள்ளியில் சமூக அறிவியலுக்கு ஆள் இல்லாததால் தலைமையாசிரியர் அதையும் என் தலையில் கட்டினார். நான் தயங்கியபோது, "வரலாறுல என்ன டீச்சர் இருக்கு, எல்லாம் நடந்து முடிஞ்சதுதானே" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதே அங்கெல்லாம் முறை. நான் ஒரு கருத்தோடு திரும்பினேன். வரலாறு என்பது மனப்பாடம் அல்ல, யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று கேட்டுச் சான்றை எடைபோடுவதுதான் என்று அங்கே ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது காய்ச்சலாகவே பிடித்துக்கொண்டது.

ஊருக்கு வந்ததும் கேள்வி அட்டைகள் செய்யத் தொடங்கினேன். அட்டைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் அப்பா பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருப்பார். வசதியான வீட்டுப் பத்திரிகைகள் நல்ல கனம். அவற்றை வெட்டி, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். யார் சொன்னது? அவர் நேரில் பார்த்தாரா? அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? வேறு சாட்சி உண்டா? ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கிலம். இரண்டாம் பீரியடில் வரலாறு, ஐந்தாம் பீரியடில் அதே அட்டைகளை வைத்து ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. பிள்ளைகள் கேள்வியை உயர்த்திப் பிடிக்கும்போது மறுபக்கத்தில் யாரோ ஒரு திருநிறைச்செல்வனும் திருநிறைச்செல்வியும் மங்கல நாளில் இணைந்துகொண்டிருப்பார்கள்.

அம்மா இதைப் பார்த்துத்தான் பொருமினாள். "ஊரார் பத்திரிகையை எல்லாம் வெட்டி முடிச்சுட்டே. ஒன் பத்திரிகையை எப்ப அடிக்கிறது?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வந்த வரன்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வா என்று கேட்டவை. ஒருவர் துபாய்க்குக் கூப்பிட்டார், ஒருவர் சென்னைக்கு. படித்துப் படித்து, தேர்வு எழுதி எழுதி வாங்கிய அரசு வேலையை ஒரு போட்டோவைப் பார்த்து விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, ஒரு இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை புதுக்கோட்டையிலேயே மருந்துக்கடை வைத்திருக்கிறார். பெயர் முரளி. பெண் வேலைக்குப் போகட்டும் என்று அவரே சொன்னாராம். போட்டோவில் கொஞ்சம் பயந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வேன் கதவு திறந்தது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார், அப்பா இறங்கினார், மாப்பிள்ளை இறங்கினார், அக்கா இறங்கினார். கடைசியாகப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு என் ஒன்பதாம் வகுப்பு கவிப்பிரியா இறங்கினாள்.

மாப்பிள்ளையின் அக்காவைப் பள்ளிக்கூட ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். அவருடைய மகள்தான் கவிப்பிரியா. பெரியம்மா இதையெல்லாம் விசாரிக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் கவிப்பிரியா சாதாரண மாணவி அல்ல. மன்னர் வாரி வழங்கும் வள்ளல் என்று கல்வெட்டு சொல்வதாக நான் பாடம் எடுத்தபோது, மூன்றாவது அட்டையைத் தூக்கி, "டீச்சர், செதுக்குனவருக்குக் கூலி கொடுத்தது ராஜாதானே?" என்று கேட்டவள் அவள். அந்தக் கேள்விக்காக நான் அவளுக்கு என் பேனாவையே பரிசாகக் கொடுத்திருந்தேன்.

தட்டோடு நான் கூடத்துக்கு வந்தேன். கேசரியும் வடையும். கவிப்பிரியா எழுந்து நின்று "குட் ஈவ்னிங் டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சகுனம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். அந்தச் சூட்டிலேயே, தன் மகன் பரம சாது என்றும், அவனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது என்றும் சொன்னார். விட்டுக்கொடுப்பாரா பெரியம்மா? கேசரித் தட்டை முன்னால் நகர்த்தி, "சாப்பிடுங்க. எல்லாம் பொண்ணு தன் கையாலயே கிண்டுனது" என்றார்.

கேசரியைக் கிண்டியது பெரியம்மாதான். அந்த நேரத்தில் நான் மாடியில் உட்கார்ந்து பத்திரிகை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இதுவரை எல்லாம் ஊர் வழக்கப்படியே நடந்தது. அதன் பிறகு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு ஆசை வந்தது. டீச்சர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். பேத்தியைப் பார்த்து, "எங்க, இங்கிலீசுல நாலு வார்த்தை பேசிக் காட்டு" என்றார்.

கவிப்பிரியாவுக்கு ஆங்கிலம் என்றால் ஐந்தாம் பீரியடு. ஐந்தாம் பீரியடு என்றால் அட்டை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பில் முதலில் ஒரு கூற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணெதிரே கேசரி இருந்தது. "ஹூ செட் இட்?" என்று கணீரென்று கேட்டாள். பாட்டி பூரித்துப்போனார். தாத்தாவுக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, ஆங்கிலம் புரியாது. என்னம்மா கேட்கிறாய் என்று அன்போடு விசாரித்தார்.

"கேசரி டீச்சர் கிண்டுனதுன்னு யார் சொன்னதுன்னு கேக்குறேன் தாத்தா."

பெரியம்மா சிரித்தபடியே, நான்தான் சொன்னேன் என்றார். நேரில் பார்த்தீர்களா என்பது இரண்டாவது கேள்வி. பார்க்காமலா என்றார் பெரியம்மா, சிரிப்பு கொஞ்சம் குறைந்து. அப்படிச் சொல்வதால் உங்களுக்கு என்ன லாபம் என்பது மூன்றாவது. இந்த வரனைக் கொண்டுவந்ததே பெரியம்மா என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். நான் கண்ணாலேயே கவிப்பிரியாவை உட்காரச் சொன்னேன். அவளோ, டீச்சர் என்னைக் கவனிக்கிறார் என்று இன்னும் நிமிர்ந்து நின்று நான்காவதற்குப் போனாள். வேறு சாட்சி உண்டா?

அவள் திரும்பிய பக்கம் என் அப்பா இருந்தார். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்குச் சரியான சில்லறை கொடுத்தே பழகியவர்.

"எனக்குத் தெரிஞ்சு அவ அடுப்படிப் பக்கமே வரல பாப்பா. மேல ஒக்காந்து அட்டை வெட்டிக்கிட்டு இருந்தா" என்றார்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கேசரியோடு போயிருக்கும். ஆனால் வகுப்பில் நான் ஒரு வசனம் வைத்திருந்தேன். ஒரு பக்கத்தை மட்டும் விசாரித்தால் அது வரலாறு இல்லை, வம்பு. (எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.) கவிப்பிரியா நேர்மையானவள். அப்படியே மறுபக்கம் திரும்பினாள்.

"முரளி மாமாவுக்குக் கோவமே வராதுன்னு அம்மாச்சி சொன்னாங்க. ஆனா அம்மாச்சி அன்னைக்கு வீட்டுல இல்ல. நான் இருந்தேன். கிரிக்கெட்டுல தோத்ததுக்கு மாமா ரிமோட்ட எறிஞ்சாங்க. டிவி ஒடஞ்சிருச்சு. நான் முதல்நிலைச் சான்று."

தாத்தா மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, இடி எறங்கி டிவி போச்சுன்னுல்ல சொன்னே?"

இந்த இடத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அல்லது மயங்கி விழுந்திருக்கலாம். பெண் பார்க்கும் இடத்தில் அதுகூடக் கௌரவமான காரியம். ஆனால் ஒரு மாணவி இரண்டு தரப்பையும் விசாரித்து, முதல்நிலைச் சான்றைத் தானாக அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறாள். அந்த வருடம் முழுவதும் நான் காத்துக்கிடந்த விடை அது. நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"வெரி குட். சிட் டவுன். எல்லாரும் கை தட்டுங்க" என்றேன்.

ஒரே ஒருவர் கை தட்டினார். மாப்பிள்ளை. பதற்றத்தில் தட்டிவிட்டாராம், பிறகு சொன்னார். தட்டிய கையைப் பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "எந்திரிங்க, போவோம். பொண்ணு பாக்க வந்தமா, பரீச்சை எழுத வந்தமா?" வேன் கிளம்பியது. கேசரியில் யாரும் கை வைக்கவில்லை. பெரியம்மா இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் கேசரியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் மாடிக்குப் போய் அழுதேன். கௌரவம் போனதற்காக அல்ல. மாப்பிள்ளை பாதியில் கையை நிறுத்திய விதத்தைப் பார்த்த பிறகு, போட்டோவில் பிடித்ததைவிட அதிகமாக அவரைப் பிடித்துவிட்டது.

மறுநாள் கவிப்பிரியா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது, முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

தப்பு என்று சொல்லியிருந்தால் அவள் வீட்டில் எல்லோரும் சமாதானமாகியிருப்பார்கள். டீச்சரே கண்டித்துவிட்டார் என்று என் பெயரும் கொஞ்சம் தேறியிருக்கும். ஒருவேளை வேன் மறுபடி வந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் மேஜை டிராயரில் இருந்த அட்டைகளை எல்லாம் கிழித்துப் போட வேண்டும். மனதுக்குள் புதுக்கோட்டை மருந்துக்கடைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "இல்ல. சரியாத்தான் சொன்னே. டீச்சருக்குத்தான் கேசரி கிண்டத் தெரியாது" என்றேன்.

அவள் இதையும் நேராகத் தாத்தாவிடம் போய் ஒப்பித்திருக்கிறாள். அடுத்த வாரம் தாத்தா அப்பாவுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"ஒங்க பொண்ணுக்குக் கேசரி கிண்டத் தெரியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எம் பயலுக்குக் கோவம் வரும்னும் தெரிஞ்சுபோச்சு. இனிமே மறைக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லைங்க. பேசி முடிச்சிருவோமா?"

முடித்தார்கள். மாமியார் சமாதானமாகக் கொஞ்ச காலம் பிடித்தது. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியதை எல்லாம் கவிப்பிரியாவே வெட்டி அட்டையாக்கிக் கொடுத்தாள். இன்றைக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை "அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்?" என்று தூக்கிப் பிடிக்கும்போது மறுபக்கத்தில் என் கணவரின் பெயர் தெரியும்.

வீட்டில் நிலவரம் இதுதான். வெளியே இடி இடித்தால் எல்லோரும் என் கணவரைப் பார்ப்போம். யாராவது தெரியாத்தனமாக ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால், "வெரி குட், சிட் டவுன்" என்பார் மாமியார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான், ஆனால் உச்சரிப்பு சுத்தம்.

போன மாதம் கவிப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். வக்கீலாவாள் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்க்க, அவள் கணக்குப் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். அறந்தாங்கிக்காரர்கள். பையன் சென்னையில் ஒரு கம்பெனியில் மேனேஜர் என்றார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் நான். இப்போது நான் நன்றாகவே கேசரி கிண்டுவேன், அன்றைக்கும் நான்தான் கிண்டினேன். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். என் வாயிலிருந்து பெரியம்மா பேசினார்.

"சாப்பிடுங்க. எல்லாம் பொண்ணு தன் கையாலயே கிண்டுனது."

கவிப்பிரியா தலையைக் குனிந்தபடிதான் இருந்தாள். மடியில் இருந்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாக உயர்ந்தது. முதல் அட்டை. என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி இருமத் தொடங்கினார். மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு வேர்த்துவிட்டது. "இல்லைங்க," என்றேன். "நான் கிண்டுனது. இவளுக்கு வெந்நி வைக்கத் தெரியும். அம்புட்டுத்தான்."

பையனின் அம்மா வாய்வரை கொண்டுபோன ஸ்பூனைத் தட்டில் வைத்தார். கேசரியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எம் பையனும் மேனேஜர் இல்லைங்க. மேனேஜருக்குக் கீழ இருக்கான்" என்றார்.

அப்போது கவிப்பிரியா தலை நிமிராமலேயே சொன்னாள்.

"வெரி குட் அத்தை. சிட் டவுன்."

நான் உட்கார்ந்தேன்.