பெட்டியைப் பார்க்காமல் உட்கார மாட்டார்

பிள்ளைகளே, பூனாவுக்கு வந்து எனக்கு எத்தனையோ வருஷம் ஆகிறது. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "நல்லா இருக்கியளா?" என்று கேட்காமல் "பெட்டி எங்கன இருக்கு?" என்று கேட்ட மனிதர் இந்த ஊரிலேயே ஒருவர்தான். போபோடியில் எலெக்ட்ரிக் வேலை பார்த்த அவரை மராத்திக்காரர்கள்கூட பெட்டி அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெட்டி என்றால் கரண்ட் பெட்டி. மீட்டரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, அடுப்படிக்கு ஒரு வழி, விசிறிக்கு ஒரு வழி என்று பிரித்துவிடும் இரும்புப் பெட்டி. கல்யாண வீடோ இழவு வீடோ, அதைத் திறந்து பார்க்காமல் அண்ணாச்சி உட்கார மாட்டார். நாங்கள் சொந்த வீடு வாங்கிய வருஷம், தன் தம்பிக்குப் பெண் பார்க்க ஆகுர்டிக்குப் போனவர் அங்கேயும் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கிவிட்டார். பெண் காபித் தட்டோடு வந்தபோது விசிறி நின்று இரண்டு வீட்டாரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவரிடம், "பொண்ணு எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எர்த்து சுத்தமா போட்டிருக்கான் வே. அந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்."

எடுத்தார்கள்.

எங்கள் வீடு இரண்டே அறை. சுவரில் பழைய மரப்பலகையும் பியூஸ் கட்டைகளும் இருந்தன. புதுப் பெட்டி வைக்க அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன், தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைத் தொடக் கூடாது என்பதுதான். இருந்தாலும் யோசனை சொல்ல ஆசை.

"நாலு சுவிட்ச் வைக்கிற பெட்டி போதுமே அண்ணாச்சி."

"இன்னைக்கு நாலு. நாளைக்கு பிரிட்ஜ் வாங்குவீரு, கீசர் வாங்குவீரு. அந்த ஒயரை எங்கன சொருகுவீரு, என் காதுலயா? எட்டு வைக்கிற பெட்டி வாங்கும்."

"குழாய்க்கு மேல வச்சா ஒயர் மிச்சம்."

"தண்ணி தெறிக்கும்."

"கதவுக்குப் பின்னால?"

"கதவைத் தொறந்து வச்சா பெட்டி யாரு கண்ணுக்குத் தெரியும்?"

உங்கள் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "துணி அலமாரிக்குள்ள வச்சிருவோம் அண்ணாச்சி. வெளிய இருந்தா பாக்க நல்லாவா இருக்கு?"

"பொறி விழுந்தா மொதல்ல எரியுறது உன் பட்டுச்சேலைதான் தாயி."

கடைசியில் அவர் காட்டியது, கல்யாணப் போட்டோ மாட்ட நான் வைத்திருந்த நடுச்சுவர். "பகல்ல வீட்டுல யாரு வே இருக்கா?" என்று கேட்டார். அம்மாவை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பெட்டி அங்கே ஏறியது. கல்யாணப் போட்டோ கதவுக்குப் பின்னால் போயிற்று. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன சாமி என்று கேட்டாள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. எங்கேயாவது கரண்ட் கசிந்து ஆள்மேல் பாய்ந்தால், கண் மூடித் திறப்பதற்குள் தானே கீழே விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மழைக்காலம் வந்ததும் அது விழ ஆரம்பித்தது. அம்மா கிரைண்டரைப் போட்டு மாவில் கை வைத்தால் டப். தூக்கிவிட்டால் மறுபடியும் டப். ஒரு வாரம் இட்லி இல்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் திட்டுவாரே என்று, தெருவில் போன ஒருவனைக் கூப்பிட்டு அந்தச் சுவிட்சைக் கழற்றி, ஒயரை நேராக இணைக்கச் சொன்னேன். கிரைண்டர் ஓடியது. இட்லி வந்தது. என்னைப் போல் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி தம்பியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். வழக்கம்போல் நேராகப் பெட்டிக்குப் போய்த் திறந்தார். மெயினை இறக்கினார். விசிறி சுற்றி நின்றது.

"தாயி, மாவு அரைக்கும்போது கையில ஏதும் தெரியுதா?"

"லேசா சுருக்குனு இருக்கும் அண்ணாச்சி. அதான் செருப்பு போட்டுக்கிட்டு அரைக்கேன்."

அடுப்படிக்குள் செருப்போடு நுழைகிற ஆள் இல்லை உங்கள் அம்மா. நான் கவனிக்கவே இல்லை.

கிரைண்டரின் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். மூன்று முள்ளில் தடித்த முள்ளைக் காணோம். பழைய வீட்டில் அது ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நான்தான் அறுத்துப் போட்டிருந்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்துக்குப் போகிற முள் அது.

"அந்த சுவிட்சு ஒரு வாரமா உம்மகிட்ட கத்தியிருக்கு வே," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீரு அதைக் கழத்திட்டு இட்லி தின்னிருக்கீரு. இவ உசுரு அந்த ரப்பர் செருப்புலதான் இருந்திருக்கு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கழற்றிய சுவிட்சை மறுபடி மாட்டினார். பிளக்கை மாற்றினார். கிரைண்டருக்குள் ஈரத்தில் நைந்துபோன ஒயரை எடுத்து என் முன்னால் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடம் அந்தச் சுவிட்சில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினார்.

"மாசம் ஒண்ணாந்தேதி இதை அமுக்கு. டப்புனு விழணும். விழலைன்னா எனக்குச் சொல்லி அனுப்பு. இவரைக் கூப்பிடாத."

அன்றைக்கு அவர் உட்காரவில்லை. பத்திரிகையைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம்கூட அம்மா தவறவிட்டதில்லை. ஒன்றாம் தேதி டப் என்று வீடே நின்றால், நீங்கள் இருவரும் டிவி போச்சு என்று கத்துவீர்களே, அது இதுதான். அண்ணாச்சியும் வரும்போதெல்லாம் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பல வருஷம் கழித்து, ஹடப்சரில் மகன் வாங்கிய பிளாட்டுக்குக் குடிபோகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்தார். வருவது தெரிந்து அம்மா காலையிலேயே பெட்டியைத் துடைத்து வைத்திருந்தாள். உள்ளே வந்தவர் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காபி கொண்டா தாயி."

அம்மா நகரவில்லை. "அண்ணாச்சி, பெட்டி பாக்கலையா?"

"அதான் நீ இருக்கியே."

அம்மா அடுப்படியிலிருந்து வர வெகுநேரம் ஆயிற்று. காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அண்ணாச்சி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.