மொட்டை மாடியில் ஒரு தலை

எங்கள் நாமக்கல் பக்கம் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தால், அவர்களைப் பற்றிய முக்கியத் தகவல்கள் பால் காய்ச்சும் அன்றே தெருவுக்குத் தெரிந்துவிட வேண்டும். சொந்த ஊர் எது, தோட்டம் எவ்வளவு, பையன் என்ன செய்கிறான், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதில் எதையும் சொல்லாமல் ஒருவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டால் அவர் ஏதோ குற்றம் செய்திருக்கிறார் என்று அர்த்தம். பதினோராம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் இந்தக் கொள்கையில் மிகத் தீவிரமாக இருந்தேன்.

மோகனூர் ரோட்டிலிருந்து பிரியும் புது நகர் ஒன்றில் எங்கள் வீடு. (பெயரில்தான் நகர். பாதி மனைகளில் சீமைக்கருவேல மரம்தான் குடியிருந்தது.) பக்கத்து வீட்டுக்கு சரஸ்வதி பெரியம்மா குடிவந்தார். வந்த நாள் முதல் அந்த வீட்டு ஜன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

காலையில் அடர்த்தியான சுருட்டை முடியோடு ஒருவர் அந்த வீட்டிலிருந்து பைக்கில் வேலைக்குப் போவார். மாலையில் அவர் திரும்பி வந்த பிறகு, பின்பக்கத் துவைகல் அருகே பனியன் போட்ட வேறொருவர் நிற்பார். இவர் முழு வழுக்கை. உச்சந்தலையில் நீளமாக ஒரு தழும்பு. இருவரையும் சேர்த்து ஒருநாளும் பார்த்ததில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவு செய்தேன். (சொத்துத் தகராறு. வேறென்ன இருக்க முடியும்?)

வாசிக்கும் உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்காரும் அளவுக்கு நிழல் உண்டு. வடகத்துக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிவிட்டு அங்கேயே குடியேறினேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"அடுத்தவங்க ஊட்டை எட்டிப் பாக்கறது நல்ல பழக்கமா பாப்பா? கீழ எறங்கு மொதல்ல" என்பார். நான் இறங்கியதும் குரலைத் தாழ்த்தி, "சரி, இன்னைக்கு யாரு துணி காயப் போட்டா?" என்பார்.

மே மாதம் பாதியில் சுருட்டை முடிக்காரர் காணாமல் போனார். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவர் பைக்கில் வழுக்கைத் தலையர் போய் வந்தார். நான் பல கதைகள் படித்தவள். ஒருவரைத் தீர்த்துக்கட்டி அவர் இடத்தைப் பிடிப்பவன் முதலில் எடுப்பது சட்டையைத்தான்.

வாசலுக்குப் பால் வாங்க வந்த பெரியம்மாவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "ஏனுங்க பெரியம்மா, உங்க இன்னொரு பையனைக் காணமே?"

அவர் முகம் சட்டென்று மாறியது. "எனக்கு ஒரே பையன்தான் சாமி" என்றார். பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

பெற்ற தாயே உடந்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீடு தலைகீழாகக் கிடந்தது. வாசல் கழுவினார்கள், பெரிய கோலம் போட்டார்கள், அத்தனை ஜன்னல்களையும் திறந்து வைத்தார்கள். (தடயத்தை அழிக்கிறார்கள்.) நான் மாடிக்கு ஓடினேன். அவர்கள் மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவர் நிழலில், ஈரத் துண்டுக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தது. அதே சுருட்டை முடி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைக்குக் கீழே எதுவும் இல்லை.

அம்மா கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்குத் தூக்கம். அவர் தலைமாட்டிலிருந்த செல்லை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் நூறுக்கு அடித்தேன்.

"சார், பக்கத்து வீட்டு மாடியில ஒரு தலை காயுதுங்க சார்."

"என்னம்மா காயுது?"

"தலைங்க. ஆம்பளைத் தலை. கழுவி வெச்சிருக்காங்க."

எதிர்முனையில் முதலில் என் வயதைக் கேட்டார்கள். பிறகு முகவரி கேட்டார்கள்.

எஸ்.ஐ. ஒருவரும் கூடவே ஒரு ஏட்டும் வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததே எஸ்.ஐ. எங்கள் கேட்டைத் தட்டிய பிறகுதான். அவர் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. எல்லோருமாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தோம்.

உள்ளே வெள்ளை வேட்டி சட்டையில் சிலர், பட்டுப்புடவையில் சிலர், நடுவில் மிக்சரும் மைசூர்பாகும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே நாற்காலியில், சுருட்டை முடி பளபளக்க, முழு உடம்போடு உட்கார்ந்திருந்தார் கொலையுண்டதாக நான் புகார் கொடுத்தவர். அவர் பெயர் பிரபு என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் எந்த மனிதப் பிறவியும் வாயை மூடியிருக்கும். நான் அரை நொடி யோசித்தேன். பிறகு தெளிவாகச் சொன்னேன்:

"சார், இவரு உயிரோடதான் இருக்காரு. அப்படின்னா இவருதான் அந்த மொட்டை அண்ணனைக் கொன்னுருக்காரு."

பெண்ணின் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த மொட்டைம்மா?" என்றார் எஸ்.ஐ.

"இவங்க ஊட்டுல இன்னொருத்தரு இருந்தாருங்க. இவரு உயரந்தான். உச்சந்தலையில நீளமா ஒரு தழும்பு இருக்கும். நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேன்."

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிரபு அண்ணன் மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கி, தன் முடியைக் கழற்றி, மைசூர்பாகு தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தழும்பு நான் சொன்ன இடத்திலேயே இருந்தது.

"நானே சொல்லிப்போடலாம்னுதான் இருந்தேனுங்க" என்றார் அவர், பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "அம்மாதான் டீ குடிச்ச பொறவு சொல்லிக்கலாம்னாங்க. விக் பிஞ்சு போயி சேலத்துல தைக்கக் குடுத்திருந்தேன். நேத்துதான் வந்துச்சு. காலைல அலசி, போசிப் பாத்திரத்தைக் கவுத்து அது மேல காய வெச்சேன்."

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அடுத்த தடவை தலை கெடைச்சா, கீழ உடம்பு இருக்குதான்னு பாத்துட்டுக் கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே அழுகை வந்தது. பெரியம்மா யாரையும் பார்க்காமல் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பையனுக்குப் பெண் தேடி அலுத்துப்போன வீடு அது என்பதும், ஜன்னல்கள் ஏன் மூடியே இருந்தன என்பதும் எனக்கு அந்த நொடியில் மொத்தமாகப் புரிந்தது.

பெண்ணின் அப்பா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தோம். அவர் நேராக என்னிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, எத்தனை நாளா இந்த ஊட்டைப் பாத்துட்டிருக்கறே?"

"லீவு உட்டதுல இருந்துங்க" என்றேன் விம்மிக்கொண்டே.

"தண்ணி கிண்ணி உண்டா?"

"இல்லீங்க. சாயங்காலம் டீதானுங்க. தானே போட்டுக்குவாரு."

"அவங்கம்மாவை அதட்டுவாரா?"

"அந்தப் பெரியம்மாதானுங்க அதட்டுவாங்க. இவரு ரெண்டு பேரு துணியையும் தொவைப்பாரு. பாட்டுப் பாடுவாரு. பாட்டு மட்டும் நல்லா இருக்காதுங்க."

"வேற யாராச்சும் வந்து போறாங்களா?"

"யாருமே வரமாட்டாங்க. அதனாலதானுங்க சந்தேகப்பட்டேன்."

அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நாலு ஊரு போயி விசாரிச்சாலும் இப்படி ஒருத்தரு சொல்லமாட்டாங்க" என்றார். பிறகு பிரபு அண்ணனிடம், "முடி கெடக்குதுங்க மாப்பிள்ளை. பொண்ணுகிட்ட நாங்க சொல்லிக்கறோம். அது சரின்னா எங்களுக்கும் சரிதான்" என்றார்.

பெண் சரி என்றது. கல்யாணமாகி கோகிலா அக்கா அந்த வீட்டுக்கு வந்த மறுநாளே எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டார். பிரபு அண்ணன் அந்த விக்கை மறுபடி போடவில்லை. கல்யாணப் போட்டோவிலேயே வெயில் பட்டு அவர் தலைதான் முதலில் தெரியும்.

அதன் பிறகு எங்கள் நகருக்கு வரன் விசாரிக்க யார் வந்தாலும் தெருவில் கையை நீட்டி எங்கள் வீட்டைத்தான் காட்டினார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து, "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க, சாயங்காலம் வாங்க" என்று அனுப்புவார்.

சில வருடங்கள் கழித்து எனக்கு ராசிபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். முகூர்த்தம் முடிந்து மேடையில் நிற்கிறோம். பிரபு அண்ணன் மேலே வந்தார். மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமல், இன்னொரு கையால் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு இழு இழுத்தார். பிறகு கீழே நின்ற என் அப்பாவைப் பார்த்து மண்டபத்துக்கே கேட்கும்படி, "ஒரிஜினல்தானுங்க!" என்றார்.

என் கணவருக்கு இப்போது முன்நெற்றி ஏறத் தொடங்கியிருக்கிறது. தினமும் காலையில் கண்ணாடி முன் சீவி முடித்துவிட்டு, சீப்பில் வந்ததை எடுத்துப் போட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"நல்லாப் பாத்துக்க. நேத்து இருந்த அதே ஆளுதான். போன் கீன் பண்ணிறாத."