மாப்பிள்ளைக்கு ஒரு ரெகுலேட்டர்

சிவகாசி

அன்புமிக்க மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார் அவர்களுக்கு மாமனார் ரத்தினசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். நார்வேயில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதாக நம்புகிறோம்.

பிரீத்தி நம்மை விட்டுப் போனபிறகு, குளிர்ந்த கடலுக்கடியில் முங்கும்போதுதான் மனசு அடங்குகிறது என்று போனில் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். போன மாதம், மூச்சுவிடும் ரெகுலேட்டர் தண்ணீருக்குள் உறைந்து, காற்றெல்லாம் கொட்டிப்போய், தட்டுத்தடுமாறி மேலே வந்ததாகவும் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு அச்சாபீஸில் வேலை ஓடவில்லை. மகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, மருமகனுக்கு ஒரு நல்ல ரெகுலேட்டராவது வாங்குவோம் என்று கிளம்பினேன். உள்ளூர்க் கடையில் கேஸ் அடுப்புக்கா, ஃபேனுக்கா என்று கேட்டார்கள். "மருமகனுக்கு" என்றேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

பிறகு தூத்துக்குடியில் முக்குளிப்புச் சாமான் விற்கும் கோட்டைச்சாமியைப் பிடித்தேன். குளிருக்கு, உள்ளே தண்ணீர் புகாமல் சீல் வைத்த ரகம்தான் சரி, சாதா ரகம் உறைந்து திறந்தபடி நின்றுவிடும் என்றார். கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று, இரண்டு ரகத்தோடும் காற்றுச் சிலிண்டர்களோடும் அவரைச் சாத்தூர் ஐஸ் கம்பெனிக்கு அழைத்துவந்து, ஐஸ் மிதக்கும் தொட்டியில் சாதா ரகத்தை முக்கி, காற்றைத் திறந்துவிடும் பட்டனை அழுத்தச் சொன்னேன். 'புஸ்ஸ்' என்று சீறியது பாருங்கள், நிற்கவே இல்லை. வாசலில் பட்டாசுக் கம்பெனி வேனில் இருந்த பெண்கள், "ஏத்தா, பத்திக்கிருச்சு, ஓடுங்க!" என்று குதித்து ஓட, டிரைவர் அவர்களை முந்திக்கொண்டு ஓட, என்ன சத்தம் என்று தெரிந்த நானும் ஓடினேன். திரும்பி வந்தபோது கோட்டைச்சாமி மட்டும் நின்றார். "அம்புட்டுக் காத்தும் போச்சு அண்ணாச்சி" என்றார். தொட்டியில் ஒரு குமிழிகூட இல்லை. நீங்கள் அந்தக் கடலடியில் தனியாக இருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. கை விறைத்துவிட்டதாக நினைத்து ஐஸ் கம்பெனி ஆட்கள் என் விரல்களைத் தேய்த்துவிட்டார்கள்.

அடுத்த சிலிண்டரில் மாட்டிய சீல் வைத்த ரகம் கடைசிவரை ஒழுங்காக மூச்சு விட்டது. அதையே வாங்கிவிட்டேன். இன்று பார்சலில் அனுப்புகிறேன். துணையில்லாமல் முங்காதீர்கள். எங்கள் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உங்களுக்கே சேரட்டும்.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பின்குறிப்பு: பார்சல் வராது. பெட்டியை உங்கள் அத்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அனுப்புனா அங்கனயே தண்ணிக்குள்ள கெடப்பாக. பிரீத்திக்குப் பெறகு நமக்குன்னு இருக்கறது அவுக ஒருத்தர்தான். வேணும்னா இங்கன வந்து வாங்கிக்கிடச் சொல்லுங்க" என்கிறாள். நான் எவ்வளவோ கெஞ்சியும் சாவியைத் தரவில்லை என்று எழுதச் சொன்னாள். நான் சாவியைக் கேட்கவே இல்லை, மாப்பிள்ளை.