படியாத பானட்

பழைய பிக்கப் வண்டியின் பானட், அதாவது இன்ஜினுக்கு மேலுள்ள மூடி, சரியாக மூடாவிட்டால் கோளாறு பானட்டில்தான் இருக்கிறது என்று உலகம் நம்புகிறது. உலகம் நம்புவது தவறு. இதைக் கோபமில்லாமல், ஆனால் உறுதியாகச் சொல்லிவிட விரும்புகிறேன். படியாத பானட்டைச் சுத்தியலால் தட்டுவது, பல்வலிக்காரனைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

பானட் ஓர் அப்பாவி. பின்னால் கேபினையும், முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும், இரு பக்கமும் மட்கார்டுகளையும் நம்பி அது படுத்திருக்கிறது. கேபின் சில ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அரை நூற்றாண்டு ஒருவரைச் சுமந்தால் ரப்பர் என்ன, நானே நசுங்கிவிடுவேன். ரப்பர் நசுங்கினால் கேபின் பின்னால் சாயும். முன்சட்டம் தன் பங்குக்கு வேறு பக்கம் சாயும். நடுவில் மாட்டிய மட்கார்டுகள் யார் கட்சியில் சேருவது என்று தெரியாமல் முழிக்கும். பழி மட்டும் மேலே கிடக்கும் பானட்டின் தலையில் விழும். ஆகவே முதலில் கேபின், அடுத்து முன்சட்டம், அதற்கப்புறம் மட்கார்டு, எல்லாம் முடிந்த பிறகே பானட். இந்த வரிசையை மாற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இவ்வளவு தெரிந்தவன் தன் வீட்டு ஷெட்டில் எப்படி மண்ணைக் கவ்வினான் என்பதுதான் கதை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மற்றவர்கள் செய்த பிழையில் எனக்குச் சம்பளம் வருகிறது. அலுவலக நேரம் முடிந்தாலும் பிழை என்னை விடுவதில்லை. நானும் அதை விடுவதில்லை. ஒருமுறை பல் மருத்துவர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டிருந்தபோதே, சுவரிலிருந்த அறிவிப்பில் விட்டுப்போன ஒற்றெழுத்தை விரலால் சுட்டிக்காட்டினேன். அவர் வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டார்.

என் மனைவி தையல்காரி. திரைச்சீலை, சீருடை, உறை, எது கேட்டாலும் தைப்பாள். வெட்டுவதற்கு மேஜை கிடையாது. சாப்பாட்டு மேஜையில்தான் வெட்டுவாள். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். ஷெட்டை உனக்கே தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த நிலையில்தான் ஒரு பலவீனமான கணத்தில், என்னைவிட வயதில் மூத்த ஒரு பிக்கப் வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினேன்.

"என்னங்க இது?"

"வண்டி."

"வண்டின்னு தெரியுது. ஏன் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது? பசிக்குதா?"

"பானட் கொஞ்சம் படியல. சரி பண்ணிடலாம்."

"எங்க வெச்சுப் பண்ணுவீங்க?"

"ஷெட்ல."

"ஷெட்டு எனக்குன்னு சொன்னீங்களே. நேத்துகூட உங்க தட்டுல நூல் கிடந்துச்சு."

"ஆமா. நீலம்."

"பார்த்துட்டேவா சாப்பிட்டீங்க?"

"இழுத்துப் பார்த்தேன். முடியுற இடம் தெரியல."

அவள் இடுப்பில் கை வைத்தாள். ஒரு தங்கும் விடுதிக்காரர் தன் எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை தைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாராம். மேஜையும் இரண்டு மெஷினும் போட இடமிருந்தால் ஒத்துக்கொள்வாளாம். விடுதிக்காரர் பொறுமைசாலிதான், ஆனால் ஜன்னல்கள் அப்படியில்லையாம்.

நான் ஓர் ஒப்பந்தம் சொன்னேன். பானட்டின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வேண்டும். நான்கு மூலையும் படிந்து உட்கார வேண்டும். அதுவரை வண்டிக்கு ஷெட். அன்றைக்கே வண்டி தெருவுக்குப் போகும், ஷெட் அவளுக்கு.

"சமமாயிடுச்சான்னு யார் சொல்றது?" என்று கேட்டாள்.

"நான்தான் சொல்லணும். விஷயம் தெரிஞ்சவன் நான்தானே?"

"உங்க வாயால சொல்லணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"சரி," என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் 'சரி' சொல்லும் இடங்களில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் உண்மையாகவே உழைத்தேன். நசுங்கிய ரப்பர்களை மாற்றினேன். கேபின் நிமிர்ந்து உட்கார்ந்தது. மட்கார்டு போல்ட்டுகளைத் தளர்த்தினேன். எதிர்வீட்டு பஸ் டிரைவர் தினமும் வந்து வாசலில் நின்று, "ஓங்கி ஒரு சாத்து சாத்துங்க சார், மூடிக்கும்," என்று ஆலோசனை சொன்னார். முப்பது வருஷமாக பஸ் கதவை அப்படித்தான் மூடுகிறாராம். நான் அவருக்கு வரிசையை விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

கடைசியில் குற்றவாளி கிடைத்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் வலது கால் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால் மட்கார்டும் இறங்கி, பானட்டின் வலது மூலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. காலுக்கு அடியில் இரண்டு வாஷர் வைத்தேன். போல்ட்டை இறுக்கினேன். பானட்டை மெல்ல இறக்கினேன்.

'டப்' என்று ஒரே ஒரு சத்தம். நாலு மூலையும் படிந்தது. இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி. திருத்தம் தேவையில்லாத ஒரு பக்கத்தை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் சுற்றிலும் பார்த்தேன். ஷெட்டில் ஒரு பழைய நாற்காலி போட்டிருந்தேன். மேஜை விசிறி சுழன்றுகொண்டிருந்தது. வண்டியின் இருக்கையில் ஒரு தலையணை இருந்தது. உள்ளே பூட்டிக்கொண்டால் காய்கறி வாங்கிவரச் சொல்லும் குரல் எட்டாது. இத்தனையும் இரண்டு வாஷருக்காகப் பறிபோவதா?

போல்ட்டைத் தளர்த்தி வாஷர்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வலது மூலை பழையபடி எழுந்து நின்றது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னாச்சு?"

"இன்னும் வரல."

"பாவம். தேநீர் குடிங்க."

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை என் வாழ்வின் பொற்காலம் என்று சொல்லலாம். காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போவேன். அவ்வப்போது ஸ்பேனரால் எதையாவது 'டங்' என்று தட்டுவேன். மற்ற நேரமெல்லாம் வண்டிக்குள் படுத்துப் படிப்பேன், அல்லது படித்தபடி படுத்திருப்பேன். வெளியே வருமுன் மூக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்வேன்.

ஒரு நாள் அவள் துணி துவைக்கப் போகும்போது உள்ளங்கையை நீட்டினாள்.

"உங்க சட்டைப் பையில ரெண்டு இரும்பு வளையம் இருந்துச்சுங்க."

"அது வாஷர். உபரி."

"உபரின்னா எங்க வைக்கிறது?"

"எங்கயாவது வை."

"சரி," என்றாள். ஜன்னல் கட்டையில் வைத்தாள். நான் பெருமூச்சு விட்டேன்.

அன்று இரவு மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது அவளாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"எதிர்வீட்டு அண்ணன் சொல்றார், பானட் மேல ஏறி ரெண்டு குதி குதிச்சாப் படிஞ்சிடுமாம்."

"அவர் பஸ் ஓட்டட்டும்."

"நானும் அதான் நினைச்சேன். ஆனா தப்பு பானட்லதானே இருக்கு?"

"பானட்ல இல்ல."

"அப்போ கீல்ல."

"கீல்லயும் இல்ல." எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி ஒரு பிழையைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு மனிதன் எப்படிச் சாப்பிடுவான்? "முன்னாடி ரேடியேட்டரைத் தாங்குற சட்டம் ஒண்ணு இருக்கு. எல்லாம் அதோட காலாலதான்."

"ஓ," என்றாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மறுநாள், துணி மடித்தபடியே:

"அந்தச் சட்டத்துக்கு இடது கால்தான் இறங்கியிருக்கு போல. நான் போய்ப் பார்த்தேன்."

"இடது இல்ல, வலது."

"நின்னு பார்க்கும்போது வலதா?"

"நின்னு எதுக்குப் பார்க்கணும்? ஓட்டுறவன் உட்கார்ந்து பார்க்கும்போது எது வலதோ, அதுதான் வலது. வண்டிக்கு எப்பவுமே அப்படித்தான் பக்கம் சொல்லணும். இதுகூடத் தெரியாம…"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அடக்கமாக.

அதற்கும் மறுநாள், சாப்பிடும்போது:

"அந்த வலது காலுக்கு ஒரு செங்கல் கனத்துக்கு முட்டுக் குடுக்கணும்போல. போல்ட்டை மேல இருந்து கழட்டிட்டு…"

"கீழ இருந்து கழட்டணும். செங்கல்லா? உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு வாஷர் வெச்சாப் போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்துப் புரையேறியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. திருத்துவதற்கு ஒரு வரிகூட இல்லை.

"தண்ணி குடிங்க," என்றாள்.

அந்த ஞாயிறு காலை என் முடி காதை மூடுகிறது என்று கண்டுபிடித்தாள். சலூனுக்கு அனுப்பினாள். அங்கே நல்ல கூட்டம். முடி குறைந்து நான் திரும்பி வந்தபோது ஷெட் கதவு அகலத் திறந்திருந்தது. பஸ் டிரைவர் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி கழுத்தில் இன்ச் டேப்போடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

பானட் மூடியிருந்தது. குழந்தை தூங்குவதுபோல மூடியிருந்தது.

"யார் கை வெச்சது?" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்லங்க. அண்ணன் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார். ஜன்னல்ல உபரியா கிடந்ததை உள்ள போட்டார். திரும்ப இறுக்கினார்."

"கீழ இருந்துதான் சார் கழட்டினேன்," என்றார் டிரைவர். "தங்கச்சி தெளிவா சொல்லிடுச்சு. வலதுகூட ஓட்டுறவன் வலதுதான்."

அந்த வாஷர்களை யார் போட்டது என்று சத்தம் போட்டால், யார் எடுத்தது என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆனால் நான் பதறவில்லை. தீர்ப்பு என் வாயில் அல்லவா இருக்கிறது? 'இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு' என்று மனத்துக்குள் வாக்கியத்தை அமைத்துக்கொண்டேன். காற்புள்ளிகூடத் தேவைப்படாத வாக்கியம்.

அதற்குள் அவள் பேசினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கே இது சரியாப் படல." டேப்பை இழுத்து இடைவெளியின் மேல் வைத்தாள். "இந்தப் பக்கம் கூட இருக்கு. அந்தப் பக்கம் குறைச்சல். மூலைகூட லேசாத் தூக்கின மாதிரிதான் தெரியுது. விடுதிக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். அண்ணே, அந்த வளையத்தைக் கழட்டிடுங்க."

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமேயில்லை. சும்மா நின்றால் போதும். 'ஆமா' என்று தலையசைத்தால் இன்னும் நல்லது. நாற்காலி எனக்கு, விசிறி எனக்கு, தலையணை எனக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் டேப் சாய்ந்திருந்தது.

நாள் முழுக்க டேப் பிடிக்கிறவள், அதை வாய்க்கால் வரப்பு மாதிரி கோணலாகப் பிடித்திருந்தாள். கோணலாகப் பிடித்தால் அளவு அதிகமாகத்தானே காட்டும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் வேறு பக்கம் பார்த்தேன். மேலே பார்த்தேன். மறுபடி டேப்பைப் பார்த்தேன்.

"சாய்ச்சுப் பிடிச்சிருக்க," என்றேன்.

"அப்படியா? இப்போ?"

"இப்பவும் சாய்வுதான்."

"இப்போ?"

"இப்போ இன்னும் மோசம். குடு இங்க."

டேப்பை வாங்கினேன். இடது பக்கம் அளந்தேன். வலது பக்கம் அளந்தேன். முன்னால் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. மூலைகளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.

"பார்த்துக்கோ," என்றேன் வெற்றிக் களிப்போடு. "ரெண்டு பக்கமும் சமம். நாலு மூலையும் படிஞ்சிருக்கு. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. எதையும் சரியா அளக்காம வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது."

டிரைவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என் மனைவி என் கையிலிருந்த டேப்பை வாங்கி, நிதானமாகச் சுருட்டினாள்.

"அண்ணே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா. நல்லாவே கேட்டுச்சு."

மதியத்துக்குள் வண்டி தெருவுக்குப் போனது. மாலைக்குள் மேஜை வந்தது. விடுதித் திரைச்சீலைகளுக்கு வளையம் கோக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோக்கிறேன்.