சிசர் லிஃப்டிலிருந்து உளவு பார்த்த கதை

சந்தேகப்பட எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பிறவித் திறமை. எம்ஆர்டி ரயிலில் எதிரே இருப்பவர் சிரித்தால்கூட சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அப்போது ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக் கூரையோரம் கேபிள் இழுக்கும் வேலை. கத்தரிபோல விரிந்து ஆளைத் தூக்கும் சிசர் லிஃப்டில் மேலே நான்; அதனடியில் யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் கீழே செல்வம். மன்னார்குடிக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அந்த மாதம் சூப்பர்வைசர் பதவி. (எனக்குத்தான் என்று ஊருக்கே போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.)

ஒரு வாரமாகச் செல்வத்தின் போக்கு சரியில்லை. என்னை அண்ணாந்து பார்ப்பார், போனில் முணுமுணுப்பார், மறுபடி பார்ப்பார். தேக்கா சாப்பாட்டுக் கடையில் சாப்பிடும்போது, எனக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று சாவகாசமாக விசாரித்தார். போட்டுக்கொடுக்க ஆதாரம் சேர்க்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன்.

அன்று மதியம் போனை உயர்த்தி என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை. இறங்கிப் போய் ஒட்டுக்கேட்கலாமென்றால் அந்த இயந்திரம் ஓரடி இறங்குவதற்குள் பீப் பீப் என்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டு, தடுப்புக் கம்பியில் மாட்டியிருந்த கன்ட்ரோல் பெட்டிமேல் வயிற்றைச் சாய்த்து எட்டிக் காதைக் கொடுத்தேன்.

"கோவம் கொஞ்சம் வருது. ஆனா பொறுப்பான ஆளு. கொக்கி மாட்டாம ஒரு நாளும்..." என்று போனில் சொல்லிக்கொண்டிருந்த செல்வம், மேலே பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதறிப்போய் இறங்கும் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. கீழேயிருந்து செல்வம்தான் நிறுத்திவிட்டார்! பதவிக்காக ஒருவனை அந்தரத்தில் தொங்கவிடுவதா என்று நான் போட்ட கூச்சலில் இருபது பேர் வேலையை விட்டுக் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, மொதல்ல கொக்கிய மாட்டுங்க," என்றார் செல்வம். "அப்புறம் அந்தச் சிவப்பு ஸ்டாப் பட்டனை வெளிய இழுங்க. உங்க வயிறு அமுக்கிருச்சு."

இழுத்தேன். இயந்திரம் பீப் பீப் என்று ஊரைக் கூட்டிக்கொண்டே என்னைத் தரையிறக்கியது. வெட்கத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. செல்வத்தின் போன் திரையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். செல்வத்தின் தங்கை. அவளுக்கு என்னை மாப்பிள்ளையாகப் பார்க்கலாமா என்று ஒரு வாரமாக அவர்கள் வீட்டில் பேச்சு.

பதவி செல்வத்துக்குப் போனது, நியாயம்தான். தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தனையும் பார்த்த பிறகு எப்படிச் சம்மதித்தாய் என்று செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றும் அவளைக் கேட்கிறார்கள். அவள் பதில் மாறுவதே இல்லை.

"நல்ல மாப்பிள்ளைன்னு எல்லாம் இல்லலா. இவரைத் தனியா விட்டா எங்கயாவது விழுந்துருவார்னுதான்."