என் பானையும் மாமியின் மாம்பழமும்

தம் கையால் முதன்முதல் ஒரு பொருளைச் செய்து முடித்தவர்களிடம் கொஞ்சக் காலத்துக்கு யாரும் எதையும் நம்பிக் கொடுக்கக்கூடாது. அவர்களுக்குத் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை.

மின்சாரம் நினைத்த நேரம் போய், நினைத்த நேரம் வந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பிரிட்ஜ் வெறும் அலுமாரியாகிவிட்டது. மண்பாண்டம் செய்யப் பழக்கும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவில் ஈரமணல், மேலே ஒரு மூடி. மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் உள்ளே வைத்த காய்கறியும் பழமும் குளிர்ந்து கிடக்கும். நான் செய்தது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தாது. (“பானைக்கு வாதம் வந்திட்டுது” என்றார் என் கணவர் ரவி.) ஆனால் அதற்குள் வைத்த கத்தரிக்காய் வாடவில்லை. ரவி அதை எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். தெல்லிப்பழையில் இருக்கும் தன் அம்மாவிடமும், அதாவது என் மாமியிடமும், சொன்னார்.

எங்களுடையது காதல் கலியாணம். நான் பருத்தித்துறைப் பக்கம், கடற்தொழில் செய்யும் குடும்பம். ரவி வீட்டார் தோட்டம் செய்கிறவர்கள். மாமி கலியாணத்துக்கு வந்தார், ஆசீர்வதித்தார், போய்விட்டார். அதன்பின் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நான் போனால் தேத்தண்ணீர் தருவார். முகம் தரமாட்டார். அது எனக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

அந்த மாமி தன் வளவில் நட்ட கறுத்தக்கொழும்பான் மாமரம் முதல் தடவையாகக் காய்த்தது. முதற் பழத்தைப் பிள்ளையாருக்குப் படைக்காமல் அந்த வீட்டில் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. சதுர்த்திக்கு இன்னும் சில நாள் இருந்தது. ரவி ஒரு பை மாம்பழத்தோடு வந்து நின்றார்.

“பிரிட்ஜிலை வச்சால் கறுத்துப்போமாம். உம்மடை பானையிலை வைக்கட்டாம் எண்டு அம்மா தந்துவிட்டவ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பில் தந்த மணல் கல்லும் குப்பையுமாக இருந்தது. மாமியின் பழத்துக்கு அது தகுமா? அதைக் கொட்டிவிட்டு, அம்மா வீட்டுக்குப் போய், கடற்கரையில் வெள்ளை வெளேரென்ற மணலாகப் பார்த்து ஓர் உரப்பை நிறைய அள்ளிவந்தேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு மணல் என்றால் அதுதான். பால் தோலில் வழியாமல் இருக்கக் காம்பை ஒட்ட நறுக்கி, காம்புப் பக்கம் கீழே வரும்படி பழங்களை அடுக்கினேன். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் வார்த்தேன், பூங்கன்றுக்கு வார்ப்பதுபோலத் தாராளமாக. (உள்பானையின் அடியில் நீர் கசிந்து நின்றதைக் கண்டேன். நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி.)

சதுர்த்தியன்று கோயிலில் பூசை முடிந்ததும் ஐயர் பழத்தை வெட்டிக் கொடுத்தார். முதல் துண்டு மாமிக்கு. வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். எனக்குப் பின்னால் யாரோ, “என்னப்பா, ஊறுகாய் மாதிரிக் கிடக்கு” என்றார்கள். ஐயரும் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தார்.

“பிள்ளை, உதுக்கு உப்புப் போட்டனீரோ?”

“இல்லை ஐயா. பானையிலை வச்சனான். மணல்தான்...”

“என்ன மணல்?” மாமி கேட்டார்.

“எங்கடை கடற்கரை மணல், மாமி.”

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையாரின் பெருச்சாளி தன் பொந்தில் கொஞ்சம் இடம் தந்திருந்தால் உள்ளே போய் இருந்திருப்பேன். மரத்தின் முதற் பழம். மாமி என்னை நம்பித் தந்த முதற் பொருளும் அதுதான்.

மாமி மெல்ல விழுங்கினார்.

“ஐயா, உது என்ரை மருமேளின்ரை கைப்பக்குவம். அவள் கடற்கரைப் பிள்ளை. நெடுக மோதகம் திண்டு பிள்ளையாருக்கும் அலுத்திருக்கும். இண்டைக்கு மாறிச் சாப்பிடட்டும். எனக்கு இன்னொரு துண்டு தாங்கோ.”

சனம் சிரித்தது. நான் அழுதேன். ‘ரவி கட்டினவள்’ என்றுதான் அதுவரை மாமி என்னைச் சொல்லுவார்.

அன்று பின்னேரமே மாமி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். “அந்தப் பானையை ஒருக்கால் பாக்கவேணும்” என்றார். மூடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன்.

இப்போது அவர்கள் வீட்டில் எந்தக் கறிக்கு உப்புக் குறைந்தாலும், “உவளின்ரை பானைக்குள்ளை கொஞ்ச நேரம் வையுங்கோ” என்பார்கள். அடுத்த வருடம் மாங்காய் பிடுங்கியதும் நான் முந்திக்கொண்டு ஆற்று மணல் தேடத் தொடங்கினேன். அதற்குள் மாமி தொலைபேசியில் வந்தார்.

“பிள்ளை, பழம் கொண்டு வாறன். மணலை மாத்திப்போடாதை. கோயில்லை சனம் கேக்குது.”